நட்சத்திரம் அரிசிமணியாக நீண்டால்: மலையகத்தில் தொலைநோக்கியையும் கெமராவையும் ஆடாமல் நிறுத்துவது

பெப்ரவரி இரவு. மழை விட்டு வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கிறது. ஒரையன் நட்சத்திரக் கூட்டம் உச்சிக்கு வந்தாயிற்று. இரண்டு நிமிடம் திறந்துவைத்து எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், புள்ளியாக இருக்க வேண்டிய நட்சத்திரம் எல்லாம் அரிசிமணியாக நீண்டு கிடக்கிறது. அந்த நேரத்தில் கைக்கு எட்டிய திருகாணியை எல்லாம் இறுக்கத் தோன்றும். கையைக் கட்டிக்கொண்டு முதலில் படத்தைப் பாருங்கள். மணி எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது, எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்தாலே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

என்னிடம் இருப்பது சின்னச் சாமான்தான். 61 மி.மீ. வாயும் 360 மி.மீ. குவியத் தூரமும் உள்ள தொலைநோக்கி, பழைய 24 மெகாபிக்சல் கெமரா, நட்சத்திரத்தின் பின்னால் மெல்லச் சுழலும் ஒரு ட்ரெக்கர், அதற்கொரு எதிர்ப்பாரம், முக்காலி. இந்தச் சேர்மானத்தில் ஒரு பிக்சல் என்பது வானத்தில் ஏறக்குறைய 2 விகலை (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை). வானமோ விநாடிக்கு 15 விகலை நகர்கிறது. கீழே வரும் கணக்கெல்லாம் இந்த இரண்டு எண்களில் இருந்துதான். உங்கள் லென்ஸின் குவியத் தூரம் இதில் பாதி என்றால் பிழையும் பாதியாகத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சாமான்களின் கையேடுகள் பெரும்பாலும் 40, 50 பாகை வடக்கே வாழ்கிறவர்களை நினைத்து எழுதியவை. அட்டன், தலவாக்கலை, நுவரெலியா, அப்புத்தளை எல்லாம் 7 பாகையை ஒட்டி இருக்கின்றன. வானம் சுழலும் அச்சு அவர்களுக்கு நிமிர்ந்து நிற்கிறது, நமக்குப் படுத்துக் கிடக்கிறது. கையேட்டில் ஒரே வரியில் கடந்துபோகும் விஷயம் நம் வாசலில் முக்காலியையே கவிழ்த்துவிடுவது அதனால்தான்.

முதலில் மூன்று படம்

ட்ரெக்கரை நிறுத்திவிட்டு 10 விநாடி ஒரு படம் எடுங்கள். 70 பிக்சல் அளவில் கோடுகள் விழும். அந்தக் கோடு போகும் திசைதான் உங்கள் சட்டகத்தில் கிழக்கு மேற்கு. அதைக் குறித்துக்கொள்ளாமல் எந்தப் பிழையையும் தேட முடியாது. அடுத்து ட்ரெக்கரை ஓடவிட்டு 30 விநாடி ஒன்று, 120 விநாடி ஒன்று. ஷட்டரைக் கையால் அழுத்த வேண்டாம், 10 விநாடி டைமரில் விடுங்கள். லென்ஸில் அதிர்வைத் தடுக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். முக்காலியில் நிற்கும்போது இல்லாத ஆட்டத்தைத் தேடி அதுவே ஆட ஆரம்பித்துவிடும்.

படம் எடுக்கும் முன்பே முக்காலி வடக்கே சாய்கிறது, அல்லது எதிர்ப்பாரம் காலில் இடிக்கிறது

என் முதல் இரவில் நடந்தது இது. எதிர்ப்பாரம் காலில் இடிக்கிறதே என்று முக்காலியை அரைச் சுற்றுத் திருப்பிவைத்தேன். இடிப்பது நின்றது. தேநீர் குடிக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் எல்லாமாகச் சேர்ந்து வடக்கு முகமாக மண்ணில் குப்புற விழுந்து கிடந்தது. நல்ல வேளை, முதல் நாள் பெய்த மழையில் மண் இளகியிருந்ததால் கண்ணாடி தப்பியது. இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த அப்பாயி, "என்னடா, வானத்தையே இழுத்து விட்டியா?" என்று கேட்டது.

காரணம் இதுதான். 7 பாகையில் அச்சு படுத்துக் கிடப்பதால் தொலைநோக்கி, கெமரா, எதிர்ப்பாரம் மூன்றும் முக்காலியின் நடுவைத் தாண்டி வடக்கே தொங்குகின்றன. நடுவிலிருந்து ஒவ்வொரு காலும் 45 செ.மீ. தள்ளி ஊன்றியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கால் இருக்கும் பக்கமாக விழ வேண்டுமென்றால் பாரம் அந்த 45 செ.மீ.யையும் தாண்ட வேண்டும். இரண்டு கால்களுக்கு நடுவே விழ அதில் பாதி, 22 செ.மீ. சொச்சம் போதும். ஆகவே ஒரு கால் வடக்கே நேராக நிற்பதுதான் பத்திரம். ஆனால் அந்தக் காலில்தான் எதிர்ப்பாரம் வந்து இடிக்கும்.

முக்காலிக்கும் ட்ரெக்கருக்கும் நடுவே 15, 20 செ.மீ. உயரத்துக்கு ஒரு இடைக்குழாய் வைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். காசு கொடுத்து வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. கனமான இரும்புக் குழாயின் இரு முனையிலும் தட்டு வைத்து ஒட்டித்தர ஒட்டுப்பட்டறைக்காரருக்கு ஒரு மணி நேர வேலை. அது முடியாதென்றால் ஒரு காலைத் தெற்கே வைத்து, அந்தக் காலடியில் மண் நிரப்பிய உரப்பையைக் கட்டிவிடுங்கள். கட்டாமல் படம் எடுக்க வேண்டாம்.

சில ட்ரெக்கர்களின் சாய்வுத் தட்டு 7 பாகை வரை இறங்காது. 15 பாகையில் வந்து முட்டிக்கொள்ளும். அதைச் சரிக்கட்ட வடக்குக் காலைக் குட்டையாக்குகிறவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன், ஏற்கெனவே வடக்கே தொங்கும் பாரத்தை இன்னும் வடக்கே தள்ளும் வேலை அது. தச்சரிடம் சொல்லி 8 பாகைக்கு ஒரு மர ஆப்பு சீவிவாங்கித் தட்டுக்கு அடியில் வைத்து இறுக்குங்கள். முக்காலி மட்டமாகவே நிற்கும்.

கிழக்கு மேற்காக நீண்ட கோடு

கோட்டை அளந்து பாருங்கள். 30 விநாடிப் படத்தில் 210 பிக்சல் அளவுக்கு இருந்தால் ட்ரெக்கர் ஓடவே இல்லை. பெட்டரி செத்திருக்கும், அல்லது அச்சைப் பூட்டும் பிடிதிருகு இறுகாமல் அச்சு வழுக்கிக்கொண்டிருக்கும். அதில் இரண்டு மடங்கு, 420 அளவில் இருந்தால் அது பின்னோக்கி ஓடுகிறது. வடக்கு, தெற்கு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அது தெற்கில் கிடக்கிறது. நாம் பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலும் வடக்கு வடக்குதான். எட்டு பிக்சல் போலச் சின்னக் கோடாக இருந்தால் நிலாவின் வேகத்தில் ஓடவிட்டிருக்கிறீர்கள்.

இவை ஒரு நிமிடத்தில் சரியாகும் பிழைகள். தலைவலி தருவது சமநிலை. அச்சு நிமிர்ந்து நிற்கும் 50 பாகையில், பாரம் ஒரு பக்கம் கூடினால் அதன் இழுப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் அச்சைத் திருகும். நமக்கு அச்சு படுத்திருப்பதால் முழு இழுப்பும் பற்சக்கரத்தின் தலையில்தான். பிடிதிருகைத் தளர்த்தி, எதிர்ப்பாரம் மாட்டிய தண்டு தரைக்குச் சமாந்தரமாக வரும்படி வைத்துக் கையை எடுங்கள். எந்தப் பக்கமும் விழாமல் நிற்கும் இடம் வரும்வரை எதிர்ப்பாரத்தை நகர்த்துங்கள். அதன்பின் கிழக்குப் பக்கம் ஒரு மயிரிழை கனமாக இருக்கும்படி விடுங்கள். பற்கள் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து தள்ளிக்கொண்டே இருக்கும், நடுவில் தடக்கென்று விழாது. வானத்தின் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்பினால் கனமான பக்கம் மாறிவிடும், அப்போது மீண்டும் பார்க்க வேண்டும்.

பத்துப் படத்தில் ஆறு நன்றாக, நான்கு நீண்டு, சிறிது நேரத்தில் மறுபடி நன்றாக வந்தால் அது பற்சக்கரத்தின் இயல்பு. 144 பல் உள்ள சக்கரத்தில் ஒரு பல் கடக்க ஏறக்குறைய 10 நிமிடம் பிடிக்கும், பிழையும் அந்தச் சுற்றில் வந்து போகும். 120 விநாடியை 60 ஆக்கி, கெட்ட படங்களைத் தள்ளிவிட்டுப் போங்கள். அதோடு சண்டை பிடித்து இரவைத் தொலைக்க வேண்டாம்.

வடக்கு தெற்காக நீண்ட கோடு

ட்ரெக்கரின் அச்சு துருவத்தை, அதாவது வானம் சுழலும் மையப் புள்ளியை, பார்க்கவில்லை. மலையகத்தில் அதிகம் பேர் கைவிட்டுவிட்டுப் போகும் இடம் இதுதான்.

கையேடு துருவ நட்சத்திரத்தைக் குழாய்க்குள் பிடிக்கச் சொல்லும். நமக்கு அது அடிவானத்துக்கு மேலே 7 பாகையில்தான் இருக்கும், கையை நீட்டினால் நான்கு விரல் அகலம்கூட இருக்காது. என் வாசலுக்கு வடக்கே இருக்கும் மலை அதைவிட உயரம். மலை இல்லாத இடத்திலும் அந்த உயரத்தில் பனிமூட்டம் இருக்கும். ஆகவே துருவத்தைப் பார்க்காமலே துருவத்தைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை பகலில். போனில் உள்ள திசைகாட்டியைக் கொண்டு வடக்கைக் குறித்தால் பிழை இரண்டு இடத்தில் வரும். இரும்பு முக்காலிக்கும் தகரக் கூரைக்கும் பக்கத்தில் ஊசி பொய் சொல்லும். அது பொய் சொல்லாத இடத்திலும் இலங்கையில் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து ஏறக்குறைய 2 பாகை மேற்கே தள்ளியிருக்கிறது. 2 பாகை விலகலுக்கு நட்சத்திரம் நிமிடத்துக்கு 15 பிக்சல் போல வழுக்கும். அதனால் கோயில் கட்டுகிற சிற்பிகள் சங்கு நட்டுத் திசை பார்ப்பார்களே, அதையே செய்யுங்கள். சீமெந்துத் தரையில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் அடியை நடுவாக வைத்து ஒரு வட்டம் போடுங்கள். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் மறுபடி தொடும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு, அதற்குச் செங்குத்தாக வடக்கு தெற்கு. எங்கள் பக்கம் மதியத்துக்கு மேல் முகில் ஏறிவிடும் என்பதால் எனக்கு நான்கு நாள் பிடித்தது. ஆனால் ஒருமுறை செய்தால் போதும். கோட்டின் மேல் பெயின்ட் அடித்து, மூன்று கால் ஊன்றும் இடத்தையும் குறித்துவிட்டேன். இப்போது இருட்டில்கூடக் காலால் தடவி வைத்துவிடலாம்.

மிச்சப் பிழையை நட்சத்திரத்தை வைத்தே திருத்த வேண்டும். ஒரையனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்றில் மேற்கு ஓரத்தது மின்டாகா. வான நடுக்கோட்டின் (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடுவதாக நினைக்கும் கோடு) மேலேயே இருப்பதால் நமக்குத் தலைக்கு மேலாகப் போகும், பெப்ரவரி நடுவில் இரவு 8 மணியளவில் உச்சியில் இருக்கும். அதைச் சட்டகத்தின் நடுவில் வைத்து ஒரு படம், ஐந்து நிமிடம் கழித்து ஒரு படம். நட்சத்திரம் தெற்கே நகர்ந்திருந்தால் அச்சு கிழக்கே திரும்பியிருக்கிறது, மேற்கே தள்ளுங்கள். வடக்கே நகர்ந்திருந்தால் எதிர்ப்பக்கம். கிழக்கு மேற்கு நகர்வை இப்போது கணக்கில் எடுக்க வேண்டாம், அது பற்சக்கரத்தின் வேலை.

பிறகு கிழக்கே 20, 25 பாகை உயரத்தில், வான நடுக்கோட்டுக்கு அருகே உள்ள ஒரு நட்சத்திரத்துக்குத் திருப்புங்கள். அது தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது, உயர்த்துங்கள். வடக்கே நகர்ந்தால் தாழ்த்துங்கள். கிழக்கை மலை மறைத்தால் மேற்கே பாருங்கள், ஆனால் அங்கே விதி தலைகீழ். மேற்கில் தெற்கே நகர்ந்தால் அச்சு உயர்ந்திருக்கிறது.

எவ்வளவு திருத்தினால் போதும்? அச்சு 10 கலை விலகியிருந்தால் நட்சத்திரம் நிமிடத்துக்கு 2.6 விகலை நகரும், எனக்கு அது ஒரு பிக்சலும் சொச்சமும். 60 விநாடிப் படத்துக்கு அது கண்ணில் படாது. 5 கலைக்குள் கொண்டுவந்தால் இரண்டு நிமிடம் தாராளமாகத் திறக்கலாம். அதற்கு மேல் துல்லியம் தேடுவது, சின்னத் தொலைநோக்கிக்குப் பெரிய இடத்துச் சீர் செய்கிற மாதிரி.

கடைசியில் இறுக்கும்போதுதான் எல்லாம் கெடும். ஒரு பக்கத் திருகை மட்டும் முழுதாக இறுக்கினால் தட்டு அந்தப் பக்கம் இழுபடும். இரண்டையும் மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்கி, இறுக்கிய பிறகு இன்னொரு ஐந்து நிமிடச் சோதனை செய்யுங்கள்.

ஒவ்வொரு படத்திலும் நட்சத்திரம் வட்டம், ஆனால் காட்சி மட்டும் நகர்ந்துகொண்டே போகிறது

கால் புதைகிறது. தேயிலை மலையின் மண் மழைக்குப்பின் பிட்டு மாதிரி. மேலே சொன்ன 45 செ.மீ. முக்காலியில் ஒரு கால் 1 மி.மீ. இறங்கினாலே வானத்தில் 5 கலை, படத்தில் 150 பிக்சல். நள்ளிரவில் ஒரு கால் இறங்குவது கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும்.

புல்லிலும் மண்ணிலும் வைக்க வேண்டியிருந்தால் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு செங்கல்லைத் தட்டையாகப் போட்டு, அதன்மேல் ஏறி மிதித்து, கல் அசையாமல் அமர்ந்தபின் காலை வையுங்கள். மாலையிலேயே வைத்துவிட்டால் இரவுக்குள் அமரவேண்டியது அமர்ந்துவிடும். நிரந்தரமாக ஒரு இடம் இருக்கிறதென்றால் மூன்று குழி தோண்டி, பெயின்ட் வாளி அளவுக்குக் கொங்கிரீட் ஊற்றுங்கள். அதைவிட மேல், முக்காலியை விட்டுவிட்டு ஒரு தூண் நடுவது. லயத்து வாசலில் தூண் நட யாரைக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

மரப்பலகைத் தரையில் வைக்கவே வேண்டாம். உள்ளே ஒருவர் புரண்டு படுத்தாலும் நட்சத்திரம் துள்ளும்.

புதைவது மண் இல்லையென்றால் வழுக்குவது கெமரா. கெமராவைத் தாங்குவது பெரும்பாலும் ஒரே ஒரு கால் அங்குல போல்ட், அங்குலத்துக்கு 20 புரி. ஒற்றைத் திருகில் நிற்கும் எதுவும் தன் பாரத்தால் மெல்லத் திரும்பும். நமக்கு ஒரையன், கார்த்திகை எல்லாம் தலைக்கு மேலே வருவதால் கெமரா செங்குத்தாக அண்ணாந்து நிற்கும், திருப்பும் இழுப்பும் கூடும். உருண்டைத் தலையில் மாட்டுவதைத் தவிர்த்து, நீண்ட தட்டில் இரண்டு இடத்தில் பிடியுங்கள். தொலைநோக்கிக்கு இரண்டு வளையம். பெரிய டெலி லென்ஸ் என்றால் அதன் சொந்தக் கழுத்து வளையத்தில் பிடியுங்கள், கெமராவின் அடியில் பிடிக்காதீர்கள்.

போல்ட் தொலைந்து ஹாட்வெயார் கடைக்குப் போனால் ஒரு எச்சரிக்கை. 6 மி.மீ. போல்ட்டும் கால் அங்குலமும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள். 6 மி.மீ. போல்ட் இரண்டு சுற்று உள்ளே போய் இறுகிவிடும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கெமராவின் புரியே போய்விடும். கையால் கடைசிவரை லேசாகச் சுற்றவேண்டும், ஸ்பேனர் தேவைப்பட்டாலே அது தப்பான போல்ட். நீளமும் பார்க்க வேண்டும். கெமராவின் அடித்துளை ஆழமில்லாதது, நீண்ட போல்ட் உள்ளேயே குத்திவிடும்.

ஒரு நட்சத்திரம் இரண்டாகத் தெரிகிறது, அல்லது கொக்கி போல் வளைந்திருக்கிறது

எல்லா நட்சத்திரத்திலும் ஒரே மாதிரியான கொக்கி என்றால் படம் எடுக்கும் நடுவில் ஒரு குலுக்கல். தொங்கும் கேபிள்தான் முதல் சந்தேகம். பவர்பேங்கில் இருந்து வரும் கேபிள் எதிலாவது மாட்டி, இழுபட்டு, விடுபடும். கேபிளை அச்சுக்கு அருகே கட்டி, அதன்பின் தளர்வாக ஒரு வளையம் விட்டுக் கீழே இறக்குங்கள். பவர்பேங்கை முக்காலியின் காலிலேயே கட்டிவிடலாம்.

காற்று என்றால் கொக்கி ஒரே மாதிரி இருக்காது, படத்துக்குப் படம் மாறும். அட்டன், நுவரெலியாப் பக்கம் தெளிந்த வானம் கிடைப்பது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை, அப்போது காற்றுப் பெரிதாகத் தொல்லை செய்யாது. ஊவாப் பக்கத்தாருக்குத்தான் சோதனை. தென்மேற்குப் பருவத்தில் எங்களுக்கு மழை கொட்டும்போது பண்டாரவளை, அப்புத்தளையில் வானம் திறந்திருக்கும், பால்வீதியின் நடுப்பகுதியும் மேலே வந்திருக்கும், கூடவே கச்சான் காற்று முக்காலியைப் பிடித்து உலுக்கும். முக்காலியின் கால்களை நீட்டாமல் குட்டையாகவே வையுங்கள். சுவர் மறைவில் நில்லுங்கள். நடுக்கொக்கியில் பையைத் தொங்கவிடச் சொல்வார்கள், தொங்கும் பை ஊஞ்சல் ஆடி நிலைமையை மோசமாக்கும். பை பாதி தரையில் அமர்ந்து, கயிறு விறைப்பாக இருக்க வேண்டும்.

காற்றுக்குப் பயந்து தேயிலைக்குள் பள்ளமாக ஒரு இடம் பார்த்துவைத்திருந்தேன். எங்கள் வாச்சர் டோர்ச்சோடு வந்து, "தம்பி, அங்கிட்டெல்லாம் நிக்காத, புலி இறங்குற பாதை" என்றார். அவர் சொன்னது சிறுத்தையை. அன்றிலிருந்து லயத்துச் சுவர்தான் எனக்குக் காற்று மறைவு.

நடுவில் வட்டம், ஓரத்தில் நீளம்

ஒரு பக்க ஓரம் மட்டும் கெட்டிருந்தால் கெமரா தன் பாரத்தால் தொங்குகிறது. கெமராவைப் பிடித்து லேசாக மேலே தூக்கிப் பாருங்கள், கடக் என்று ஒரு ஆட்டம் தெரிந்தால் குவியக்குழாயின் பூட்டையோ கெமரா வளையத்தின் குட்டித் திருகுகளையோ இறுக்குங்கள். செருகிவைக்கும் இணைப்பைவிடப் புரியிட்டுத் திருகும் இணைப்பு எப்போதும் நல்லது.

நான்கு மூலையும் நடுவிலிருந்து வெளியே தெறித்தாற்போல் நீண்டிருந்தால் சமதளமாக்கும் லென்ஸுக்கும் (ஓரத்து நட்சத்திரமும் புள்ளியாக விழத் தொலைநோக்கியின் பின்னால் போடுவது) சென்சருக்கும் இடைத் தூரம் தப்பு. பெரும்பாலானவை 55 மி.மீ. கேட்கும். கெனனின் பழைய கண்ணாடிக் கெமராக்களில் (DSLR) வாயிலிருந்து சென்சர் வரை உள்ளே 44 மி.மீ. இருக்கிறது, கெமராவைத் தொலைநோக்கியோடு இணைக்கும் வளையம் 11 மி.மீ. சேர்ந்தால் கணக்குச் சரி. சோனி போன்ற மெல்லிய கெமராவில் உள்ளே 18 மி.மீ.தான், மிச்சம் 37 மி.மீ.யையும் வளையமே தர வேண்டும்.

மூலைகள் ஒரு புள்ளியைச் சுற்றி வில் போல் வளைந்திருந்தால் மறுபடி துருவத்துக்குப் போங்கள்.

எல்லாம் பஞ்சு போல் ஊதியிருக்கிறது

நட்சத்திரம் பெரிதாகி, ஒளி மங்கி, சுற்றிலும் ஒரு வட்டம் தெரிந்தால் கண்ணாடியில் பனி. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் பனி உறைகிற நாளும் உண்டு. துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும், ஐந்து நிமிடத்தில் மறுபடி படியும். சூடாக்கும் பட்டியை லென்ஸின் வாயோரம் சுற்றிவையுங்கள், பனி வந்தபின் போடுவதைவிட மாலையிலேயே போடுவது நல்லது. அதோடு கறுப்பு ரப்பர் தாளைச் சுருட்டி ஒரு முழம் நீளத்துக்கு மூடாக்குப் போடுங்கள். பட்டியின் கேபிளும் ஒரு கேபிள்தான், அதையும் முன்சொன்ன மாதிரி கட்டவேண்டும்.

கண்ணாடி காய்ந்திருந்தும் ஊதியிருந்தால் குவியம் விலகியிருக்கிறது. மாலை 7 மணிக்குப் பிடித்த குவியம் நள்ளிரவுக் குளிரில் நிற்காது. மணிக்கு ஒருமுறை பிரகாசமான ஒரு நட்சத்திரத்தில் சரிபார்த்து, பூட்டை இறுக்கிய பிறகு இன்னொரு தரம் பாருங்கள், இறுக்கும்போதே நகரும்.

இரண்டும் இல்லையென்றால் டோர்ச்சை மேலே அடித்துப் பாருங்கள். ஒளி வெள்ளைக் கம்பாக எழுந்து நின்றால் பள்ளத்தாக்கில் இருந்து மூடுபனி ஏறிவிட்டது. மூடியைப் போட்டு, கெமராவைக் கழற்றாமல் அப்படியே ஒரு பெட்ஷீட்டால் மூடிவையுங்கள். சில இரவு 2 மணிக்கு விலகும். முக்காலியை மட்டும் அசைக்காதீர்கள், துருவம் பிடித்தது அதில்தான் இருக்கிறது.